நாள்பட்ட நோயுள்ள குழந்தைக்கு அரசு உதவி: எந்தத் தாள் முதலில், எந்த அலுவலகம் அடுத்து

தலசீமியா, ஹீமோபிலியா, முதல் வகைச் சர்க்கரை நோய், பிறவி இதயக் கோளாறு, மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு என்று ஆண்டுக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் அரசு உதவிகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. சுகாதாரத் துறை, வருவாய்த் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, பள்ளிக் கல்வித் துறை, ஒன்றிய அரசு என்று ஆளுக்கொரு பக்கம் கிடக்கின்றன. தகுதி இல்லாமல் திரும்பி வரும் குடும்பங்களைவிட, வரிசை மாறிப் போனதால் திரும்பி வருபவர்களே அதிகம். ஒவ்வொரு படியில் வாங்கும் தாளும் அடுத்த படிக்குத் தேவைப்படும் என்பதால், இந்த வரிசையிலேயே போங்கள்.

1. எல்லாவற்றுக்கும் முன்னால், பெயர்

குழந்தையின் பெயர் நான்கு இடங்களில் ஒன்றுபோல இருக்க வேண்டும்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஸ்மார்ட் குடும்ப அட்டை, மருத்துவமனைப் பதிவு. நம் ஊர் இனிஷியல்தான் இங்கே பெரிய தொல்லை. ஒன்றில் 'ர. கவின்', இன்னொன்றில் 'கவின் ஆர்', மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து 'கவின் ரமேஷ்'. வீட்டுக்கு இது ஒரே பிள்ளை. கணினிக்கு மூன்று பேர்.

பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறாமல் இருந்தால் அதை முதலில் பதியுங்கள். பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லை. அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அந்தச் சான்றிதழை வைத்து ஆதார் எடுங்கள். ஐந்து வயதுக்குள் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்காவிட்டால் பின்னால் உதவித்தொகை விண்ணப்பம் நடுவழியில் நின்றுவிடும்.

அடுத்ததாகக் குடும்ப அட்டையில் பெயரைச் சேருங்கள். 'ரேஷன்தானே, குழந்தைக்கு என்ன அவசரம்' என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவக் காப்பீட்டில் குடும்பம் யார் யார் என்பதைக் குடும்ப அட்டையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். அதில் பெயர் இல்லாத குழந்தைக்கு அறுவை சிகிச்சை நாளன்று காப்பீடு கேட்டு அலைய நேரும்.

2. நோயை ஒரு ஃபைலாக்குங்கள்

'பையனுக்கு ரத்தத்தில் பிரச்சினை' என்று சொன்னால் எந்த அலுவலகமும் நகராது. நோயின் பெயர், அது உறுதியான தேதி, உறுதிசெய்த பரிசோதனை, இப்போது நடக்கும் சிகிச்சை ஆகிய நான்கும் ஒரே தாளில் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் துறை மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் அதில் இருக்கட்டும். தனியாரில் வைத்தியம் பார்ப்பவர்களும் ஒருமுறை அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டுப் பதிந்துவிடுவது நல்லது. பின்னால் வரும் படிகளில் பாதிக்கு அரசு மருத்துவரின் எழுத்துதான் செல்லும்.

எந்தப் பரிசோதனையைக் கேட்பார்கள் என்பது நோயைப் பொறுத்தது. ஹீமோபிலியாவுக்கு ஃபேக்டர் (ரத்தம் உறைய உதவும் புரதம்) அளவு, செவித்திறனுக்கு பெரா பரிசோதனை, அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உளவியலாளர் தரும் மதிப்பீடு, தலசீமியாவுக்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரசிஸ். தலசீமியா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரத்தம் ஏற்றிய சில நாட்களிலேயே இந்தப் பரிசோதனையை எடுத்தால், ரத்தம் கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் கலந்து முடிவு குழம்பும். அதனால் முதல் முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த அறிக்கை பொன்போல. அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அசல்கள் ஒரு ஃபைலில், நகல்கள் இன்னொன்றில் இருக்கட்டும். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். தெர்மல் காகிதத்தில் வரும் அறிக்கைகளும் பில்களும் ஓராண்டில் வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள்.

3. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்

டி.இ.ஐ.சி. என்று மருத்துவமனையில் கேட்டால் வழிகாட்டுவார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்குவது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றை 18 வயது வரை கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது இதன் வேலை. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரும். அந்தக் குழு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நேராகப் போகலாம்.

குழந்தைநல மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதே இங்கு போவதன் பெரிய லாபம். இங்கிருந்து எழுதித் தரும் பரிந்துரை, அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கேட்கும்போதும் கைகொடுக்கும்.

4. காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் அல்லது வருவாய் அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குங்கள். குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். நோயாளிக் குழந்தையை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்று நினைக்காதீர்கள். குடும்பத் தலைவர் வராததால் இன்னொரு நாள் கூலியை இழந்தவர்கள் உண்டு. அட்டை கையில் வர நாளானாலும் பதிவு எண் கிடைத்துவிட்டால் மருத்துவமனையில் அதை வைத்தே பார்க்கலாம்.

குழந்தை ஐ.சி.யு.வில் இருக்கும்போது அப்பா வி.ஏ.ஓ.வைத் தேடி ஊருக்கு ஓடுவது எல்லா அரசு மருத்துவமனையிலும் பார்க்கக்கூடிய காட்சி. நோய் உறுதியான வாரமே அட்டைக்குப் பதிந்துவிடுங்கள், அறுவை சிகிச்சை தேவையோ இல்லையோ.

5. அட்மிட் ஆவதற்கு முன் செய்ய வேண்டியவை

அதிகம் பேர் பணம் இழப்பது இந்தப் படியில்தான்.

இந்தக் காப்பீடு பணமில்லாச் சிகிச்சைக்கானது. 'இப்போ நாம கட்டிடுவோம், அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்' என்பது இங்கே நடக்காது. கட்டிய பணம் திரும்பி வராது. ஆகவே அட்மிஷன் போடுவதற்கு முன்பே மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? குழந்தைக்குச் செய்யப்போகும் இந்தச் சிகிச்சைக்கு இந்த மருத்துவமனை அனுமதி பெற்றிருக்கிறதா? இது அரசு மருத்துவமனைக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட சிகிச்சையா? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மருத்துவமனை எலும்புச் சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கும், குழந்தைகள் இதய அறுவை சிகிச்சைக்கு இருக்காது.

மருத்துவமனையில் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனி மேசை இருக்கும். அங்கே அட்டை, ஆதார், மருத்துவரின் குறிப்பு, பரிசோதனை முடிவுகளைக் கொடுத்தால் முன் அனுமதிக்கு அனுப்புவார்கள். அனுமதி வந்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். கூடுதல் அறிக்கை கேட்டுத் திரும்பி வந்தால் அது மறுப்பு இல்லை; கேட்டதைக் கொடுத்தால் நகரும். பல குடும்பங்கள் 'ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்று நினைத்து வட்டிக்கு வாங்கிவிடுகின்றன. என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அந்த மேசையில் எழுதி வாங்குங்கள்.

அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால் அன்றே அந்த மேசையில் அட்டையைக் காட்டிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அன்று காட்டினால் காலம் கடந்துவிட்டிருக்கும்.

அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு ஒரு தொகுப்புத் தொகை உண்டு. படுக்கை, மருந்து, பரிசோதனை எல்லாம் அதற்குள் அடங்கும். தனியாகப் பணம் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். திட்டத்தின் இலவசத் தொலைபேசி 1800 425 3993. பேசும்போது அட்டை எண், மருத்துவமனை, சேர்ந்த தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவித்திறன் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கான காக்ளியர் உள்வைப்பும் இந்தத் திட்டத்தில் உண்டு. ஆறு வயதுக்குள் நடக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு மாதமும் முக்கியம். மூளையில் கேட்கும் திறனுக்கான பாதைகள் உருவாகும் வயது போனபின் கருவி பொருத்தினாலும் பேச்சு எளிதில் வராது.

6. மாதாமாதம் வாங்கும் மருந்து

காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானது. தினசரி இன்சுலின், வலிப்பு மாத்திரை போன்றவற்றுக்கு அரசு மருத்துவமனை ஓ.பி.தான் வழி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஹீமோபிலியாவுக்கு ஃபேக்டரும், தலசீமியாவுக்கு உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசு ரத்த வங்கிகளில் தலசீமியா, ஹீமோபிலியா குழந்தைகளுக்கு ரத்தத்துக்குப் பதப்படுத்தும் கட்டணம் வாங்குவதில்லை. ஓ.பி. சீட்டில் நோயின் பெயர் தெளிவாக எழுதியிருந்தால்தான் அந்த விலக்கு பொருந்தும்.

மருந்து தீரும் நாளில் போகாதீர்கள். குறைந்தது ஒரு வாரத்துக்கான மருந்து எப்போதும் வீட்டில் மீதி இருக்கட்டும். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். முதல் வகைச் சர்க்கரையில் இன்சுலின் ஒரு நாள் நின்றாலே குழந்தை ஆபத்தான நிலைக்குப் போகலாம். திங்கட்கிழமை கூட்டம், பண்டிகை விடுமுறை, ஸ்டாக் இல்லாத நாள் எல்லாவற்றையும் அந்த ஒரு வாரம் தாங்கும்.

இன்சுலினையும் ஃபேக்டரையும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பேருந்தில் கொண்டுவரும்போது ஐஸ் கட்டி மேலேயே படும்படி வைப்பது பெரிய தவறு. உறைந்த இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. துணியில் சுற்றி, ஐஸிலிருந்து தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணலில் பதித்த மண்பானை இன்சுலினை வெயிலிலிருந்து காக்கும்.

வீட்டைவிட்டு வரமுடியாத குழந்தைக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

7. யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் ரத்த நோய், தசைச்சிதைவு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் எல்லாம் அதில் அடக்கம். தலசீமியாக் குழந்தையின் பெற்றோரில் பலருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் பிள்ளை ஓடியாடுகிறது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லோடு அவர்கள் அதைப் பொருத்திப் பார்ப்பதில்லை. அந்தத் தயக்கத்தை விடுங்கள். இது குழந்தைமேல் குத்தும் முத்திரை கிடையாது, சட்டம் தரும் உரிமைக்கான சாவி.

முதல் வகைச் சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு ஆகியவை பட்டியலில் இல்லை. அவற்றுக்காக மட்டும் இந்த அட்டைக்கு ஒரு நாளை வீணாக்க வேண்டாம். இதே குழந்தைக்குக் கேட்கும் திறன், பார்வை, கை கால் இயக்கம் எதிலாவது பாதிப்பு இருந்தால் அதற்குக் கேட்கலாம்.

விண்ணப்பம் ஸ்வாவலம்பன் இணையதளத்தில், அல்லது இ-சேவை மையம் வழியாக. புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று, நோய் அறிக்கை வேண்டும். குறைபாட்டு வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஹீமோபிலியாக் குழந்தைக்கு முழங்கால் வீங்கியிருக்கிறதே என்று 'இயக்கக் குறைபாடு' என்று போட்டால், எலும்பு மருத்துவர் முன்னால் நிற்க நேரும். ஃபேக்டர் அறிக்கையை அவர் பார்க்க மாட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்பு இருந்தால் எல்லாவற்றையும் குறியுங்கள்.

பிறகு மருத்துவக் குழுவின் முன் குழந்தையை நேரில் காட்ட வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று முதலிலேயே மருத்துவமனையில் விசாரியுங்கள். மதிப்பீட்டின்போது தாய்மார்கள் வழக்கமாகச் செய்வது ஒன்று: 'நல்லாத்தான் இருக்கான் சார், தானாச் சாப்பிடுவான்' என்று பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசுவது. அன்பில் வரும் பேச்சுதான். ஆனால் சதவீதம் அதில்தான் குறைகிறது. எத்தனை நாளுக்கொரு முறை ரத்தம், மாதத்தில் எத்தனை நாள் பள்ளி விடுப்பு, குளிக்க, உடுத்த, கழிவறை போக யார் துணை என்று உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் எல்லை. சிறு குழந்தைகளுக்கு, குறிப்பாக வளர்ச்சித் தாமதத்துக்கு, தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே மறுமதிப்பீட்டுக்குப் போங்கள்.

8. மாதப் பராமரிப்பு உதவித்தொகை

அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல், தசைச்சிதைவு 40 சதவீதத்துக்கு மேல், கடும் உடல் பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரியில் இது 1,500இலிருந்து உயர்ந்தது. விண்ணப்பிக்கும் இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

யு.டி.ஐ.டி., ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் கொண்டு போங்கள். வங்கிக் கணக்கில் குழந்தையின் ஆதார் இணைந்திருக்க வேண்டும். அம்மாவின் ஆதார் மட்டும் இணைந்த கணக்கைக் கொடுத்துவிட்டு 'ஆர்டர் வந்தது, பணம் வரலை' என்று அலைவது வழக்கமான கதை. வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வாங்கினால் இது கிடையாது; இரண்டில் ஒன்றுதான். விண்ணப்பம் கொடுத்ததும் ரசீது வாங்குங்கள், ஏனென்றால் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் இடத்தைக் காட்டுவது அந்தத் தேதிதான்.

9. நிராமயா

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் தேசிய அறக்கட்டளை நடத்தும் காப்பீடு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. முதலமைச்சர் காப்பீட்டில் வராத ஓ.பி. செலவும் தெரபிக் கட்டணமும் இதில் வரும் என்பதால் இரண்டும் வைத்திருப்பது நல்லது. வருமான உச்சவரம்பு இல்லை. வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இங்கே நாம் கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவது முறை. எனவே மருத்துவர் சீட்டு, பில், ரசீது மூன்றும் ஒரே தேதியில், குழந்தையின் பெயரில் இருக்க வேண்டும். கோருவதற்குக் காலக்கெடு உண்டு. பில்களை மாதக்கணக்கில் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பினால் திரும்பி வரும். பாலிசி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்.

10. பயணமும் பள்ளியும்

புற்றுநோய், தலசீமியா, ஹீமோபிலியா குழந்தைகளுக்கும் கூட வருபவருக்கும் சிகிச்சைப் பயணத்துக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும்; டிக்கெட்டை முன்பதிவு கவுண்டரில் எடுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் வெளியூர் அரசுப் பேருந்தில் 75 சதவீதச் சலுகை.

பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் நோயை மறைக்காதீர்கள். இன்சுலின் போடும் குழந்தைக்கு வகுப்பில் சர்க்கரை குறைந்து நடுக்கமோ வியர்வையோ வந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும், நினைவிழந்துவிட்டால் வாயில் எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். குழந்தைக்கு எது வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, மருத்துவர் கையெழுத்தோடு கொடுங்கள். படுக்கையிலேயே இருக்கும் குழந்தைக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். ஹால் டிக்கெட் வந்தபிறகு கேட்டால் கிடைக்காது.

11. லட்சங்களில் செலவு வந்தால்

2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கைப்படி, பட்டியலில் உள்ள அரிய நோய்க்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி. பணம் குடும்பத்துக்கு வராது, சிறப்பு மையத்துக்குப் போகும். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அத்தகைய மையம். மரபணுப் பரிசோதனை முடிவு இல்லாமல் போனால் முதல் வேலையாக அதைத்தான் எடுக்கச் சொல்வார்கள்.

தலசீமியாவில் உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால், கோல் இந்தியா நிதியில் நடக்கும் தலசீமியா பால சேவா திட்டம் 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வேலூர் சி.எம்.சி. அதில் பங்குபெறும் மருத்துவமனை. வயது கூடக்கூட உடலில் இரும்பு சேர்ந்து கல்லீரல் கெடும், மாற்று சிகிச்சையின் ஆபத்தும் கூடும். பொருத்தப் பரிசோதனையைச் சிறுவயதிலேயே கேளுங்கள்.

12. இல்லை என்று சொன்னால்

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். 'காரணத்தை எழுதிக் கொடுங்கள்' என்று பணிவாகக் கேட்டாலே பாதி மறுப்புகள் 'இந்தத் தாள் வேண்டும்' என்று மாறிவிடும். அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ஒரே மனுவில் ஐந்து கோரிக்கை வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு துறைக்குப் போகும் என்பதால் ஒரு மனு, ஒரு கோரிக்கை. மனு எண்ணைக் குறித்துக்கொண்டு 1100இல் நிலை கேட்கலாம். மருத்துவச் சேவை பற்றிய சந்தேகத்துக்கு 104.

குழந்தைக்குப் பதினேழு வயதானதும் அடுத்த ஃபைலைத் தொடங்குங்கள். 18இல் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் ஓ.பி.க்கு மாற்றுவார்கள், சிகிச்சை வரலாற்றுச் சுருக்கத்தை இப்போதைய மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். 18 முடிந்தவர் சட்டத்தின் கண்ணில் பெரியவர் என்பதால், பெற்றோரே ஆனாலும் அந்த உத்தரவு வேண்டும்.